திருப்பி அனுப்பிய பூத்தட்டு

அப்பா செங்கல்பட்டில் அரசு வழக்கறிஞர். அரசு எடுத்துக்கொண்ட நிலத்துக்கு இழப்பீடு போதாது என்று உரிமையாளர்கள் போடும் வழக்குகளில் அரசுத் தரப்பில் வாதாடுவார். அதனால் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கக் கூடாது. வந்தவர், பொருள், காரணம், திருப்பி அனுப்பிய நேரம் என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒன்று இருந்தது. பதினேழு வயதில் அது என் பொறுப்பு. பலாப்பழம், பால்கோவா, ஒருமுறை உயிருள்ள சேவல், எல்லாம் அதில் உண்டு.

எண்பதுகளின் கடைசியில் ஒரு புதன்கிழமை. அம்மாவும் அக்காவும் கடைக்குப் போயிருந்தார்கள். மாலை நாலு இருபதுக்கு ஸ்கூட்டரில் வந்த ஒருவர் எவர்சில்வர் தட்டை நீட்டினார். ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை, மேலே மல்லிகைப்பூ.

"அப்பா கீறாரா பாப்பா?"

"கோர்ட்டுக்குப் போயிருக்காரு. நீங்க?"

"கூடுவாஞ்சேரிலேர்ந்து வந்தாங்கன்னு சொல்லு, அவருக்குத் தெரியும்."

நோட்டில் இருந்த பாதிப் பேர் இப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"நாங்க எதுவும் வாங்கறதில்ல சார்."

"இன்னாம்மா, பூவும் பழமும்தானே? உள்ள வெடிகுண்டா கீது?"

"பூகூட வாங்கக் கூடாது சார்."

என்னையே பார்த்தவர் ஸ்கூட்டரைத் திருப்பினார். நாலு இருபத்தாறு.

வீடு திரும்பிய அக்கா நோட்டைப் பார்த்ததும் 'கூடுவாஞ்சேரி' என்ற வரியில் விரலை வைத்தாள். வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீடு குரோம்பேட்டை என்பதுதான் எனக்குத் தெரியும். அவருடைய பெரியப்பா கூடுவாஞ்சேரி என்பது தெரியாது. திருநீர்மலைக் கோயிலில் மாப்பிள்ளையை ஏற்கெனவே பார்த்திருந்த அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது.

"பூவைப் போய்த் திருப்பி அனுப்பிட்டியேடி!"

அப்பா வந்து எல்லாவற்றையும் கேட்டார். பெரியப்பாவின் பெயரை அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அறைக்குள் போய் ஒரு கேஸ் கட்டைப் பிரித்தார்.

"வண்டலூர் நிலத்துக்குக் கேஸ் போட்டவங்கள்ல மூணாவது பேரு இவருதான். திங்கக்கிழமை வாதம்."

"அப்ப தட்டு எதுக்கு வந்துது?" என்றாள் அம்மா.

"தெரியலையே." அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அவங்க வர்றது என்னைப் பாக்கவா, உங்களைப் பாக்கவா?" என்றாள் அக்கா. அம்மா என்னிடம், "நீ செஞ்சது சரிதான்" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம்" என்றாள். எதை எடுத்துக்கொள்வதென்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை, சம்பந்தம் பேசுவதால் அந்த வழக்கை வேறொருவருக்குத் தரும்படி அப்பா எழுதிக் கொடுத்தார். பிறகு பக்கத்து வீட்டு போனில் மாப்பிள்ளை வீட்டாரிடம், "கேஸ் இப்ப என்கிட்ட இல்ல. வர்றதா இருந்தா வாங்க" என்றார்.

"இனிமே வந்தா எனக்காகத்தான் வர்றாங்க" என்று அக்கா கொஞ்சம் தெளிந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்பா வாதாடினா அவங்களுக்குக் கஷ்டம்தானே? அவர் விலகினதே அவங்களுக்கு லாபமாச்சே" என்றேன். அக்கா எறிந்த சீப்பு என் காதை உரசிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை ஐந்து ஐந்துக்கு வந்தார்கள். அதே பெரியப்பா, அதே தட்டு.

"இந்த வாட்டியாச்சும் வாங்குவியா பாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கை நீளவில்லை. அப்பாவைப் பார்த்தேன், அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். கூப்பிட்டால்தான் வர வேண்டிய அக்கா, கூப்பிடாமலேயே வெளியே வந்தாள். மாப்பிள்ளையை ஒரு முறை நேராகப் பார்த்துவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நோட்டில் அன்றைய பதிவில் திருப்பி அனுப்பிய நேரம் காலியாக இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் 'அக்கா' என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன்.