ஒன்பது எழுத்து வார்த்தை

மனைவி இறந்த மறு வருஷம் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்பதுதான் காரணம். ஸ்ரீவராகத்தில் ஒரு மாடி அறை கிடைத்தது. தம்பானூரில் அலுவலகம். வந்து ஒரு மாதம் ஆவதற்குள், தனியாக இருப்பதற்கு எந்த ஊராக இருந்தால் என்ன என்று தெரிந்துவிட்டது.

அலுவலகம் விட்டதும் நேராக அறைக்குப் போகப் பிடிக்காது. கிழக்கேகோட்டையில் ஒரு பழைய வாசகசாலை இருந்தது. அங்கே உட்கார்ந்து பத்திரிகை புரட்டுவேன். ஆங்கிலப் பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒன்பது கட்டங்களில் ஒன்பது எழுத்துகள் போட்டிருப்பார்கள். அவற்றை வைத்து எத்தனை வார்த்தை எழுத முடியும் என்று பார்க்க வேண்டும். நடுக்கட்டத்து எழுத்து கட்டாயம் வர வேண்டும். ஒன்பதையும் சேர்த்தால் ஒரே ஒரு பெரிய வார்த்தை வரும்.

எனக்கு முன்பே யாரோ அதில் பென்சிலால் எழுதியிருப்பார்கள். சின்னச் சின்ன, அழகான எழுத்து. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு கவனித்தேன், பெரிய வார்த்தை மட்டும் எப்போதும் இருக்காது. அதற்கென்று அடியில் ஒரு கோடு போட்டு வெறுமையாக விட்டிருக்கும். பாவம், அதுவரைக்கும் வர முடியவில்லை போல என்று நினைத்தேன். ஒரு நாள் அந்தக் கோட்டின் மேல் நான் எழுதினேன். பக்கத்தில் விட்டுப்போன வார்த்தைகளையும் சேர்த்தேன்.

மறுநாள் பழைய பத்திரிகைகளின் அடுக்கிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன். என் வார்த்தைகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிக் போட்டிருந்தது. நான் எழுதிய 'கேட்ஸ்' என்பதற்கு மட்டும் ஒரு கேள்விக்குறி; கடைசி எஸ்ஸின் மேல் ஒரு கோடு. விதியைப் படித்துப் பார்த்தேன். பன்மை கூடாது என்று போட்டிருந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் அன்று நடந்து வீட்டுக்குப் போகும்போது மனம் லேசாக இருந்தது. நான் எழுதியதை ஒருவர் படித்திருக்கிறார்.

அப்படியே நாலைந்து மாதம் போயிற்று. மத்தியானச் சாப்பாட்டின்போதே சாயங்காலத்து ஒன்பது எழுத்துகளை நினைக்க ஆரம்பித்துவிடுவேன். பெரிய வார்த்தை கிடைக்காமல் வாசகசாலையைப் பூட்டும்வரை உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அந்த இன்னொருவரிடம் தோற்றுப்போகக் கூடாது என்று ஒரு பிடிவாதம்.

ஒரு நாள் வாசகசாலையைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். அவர் தமிழ் எல்லைப் பக்கத்துப் பாறசாலைக்காரர்.

"அது டீச்சரில்லா எழுதுறது," என்றார். "காலம்பற பத்து மணிக்கு வரும். ரிட்டயராயி கொறே வருஷமாச்சு. இங்கிலீஷ் டீச்சராக்கும்."

அடுத்த வாரம் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஜன்னல் பக்கம் ஒரு அம்மாள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"டீச்சர், சாயங்காலம் எழுதுறது நான்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்களா? யாரோ காலேஜ் பசங்கன்னு நினைச்சேன்."

"பெரிய வார்த்தையை மட்டும் விட்டுருவீங்களே, அதான் நான்..."

"தெரியாம விடலை சார்," என்றார். பென்சிலைக் கீழே வைத்தார். "காலம்பற கோயிலுக்குப் போயிட்டு வரச்சே நான் இங்க வருவேன். எங்காத்துக்காரர் சாயங்காலம் நடக்கக் கிளம்பறச்சே வருவார். சேர்ந்து வந்தா சண்டை வந்துடும். நான் கொஞ்சம் எழுதுவேன், பாக்கி அவர் எழுதுவார். பெரிய வார்த்தை நேக்குக் கிடைச்சாலும் எழுத மாட்டேன். அது அவருக்கு."

நான் அவர் முன்னால் இருந்த பத்திரிகையில் அந்தக் காலிக் கோட்டைப் பார்த்தேன்.

"அவர் போய் மூணு வருஷம் ஆச்சு. இப்பவும் அந்த இடத்தை விட்டுட்டுத்தான் போறேன். ஒரு நாள் பழைய பேப்பரை எடுத்துப் பார்த்தா அதுல எழுதியிருக்கு. ஒரு நிமிஷம் அவர்தான்னு நினைச்சுட்டேன். அப்புறம்தான் கையெழுத்தைப் பார்த்தேன்."

"டிக் போட்டிருந்தீங்களே டீச்சர்."

"தப்பிருந்தா திருத்தாம இருக்க முடியலை. முப்பது வருஷப் பழக்கம்." பென்சிலை மறுபடியும் கையில் எடுத்தார். "கோவிச்சுக்காதீங்கோ. மத்ததெல்லாம் எழுதுங்கோ. அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுடுங்கோ."

சரி என்றேன். என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் மறுபடியும் பத்திரிகையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் எதையுமே எழுதவில்லை. பத்திரிகையைப் பிரித்து அவர் எழுதியதைப் படிப்பேன். அடியில் அந்தக் கோடு காலியாக இருக்கும். சில நாள் பார்த்த உடனேயே வார்த்தை தெரிந்துவிடும். மூடி வைத்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத்திலிருந்து மகள் பேசினாள். பேச்சு வளரட்டும் என்று இந்தக் கட்டங்களைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"அதுக்கெல்லாம் வெப்சைட் இருக்குப்பா. எழுத்தைப் போட்டா எல்லா வார்த்தையும் அதுவே குடுத்துரும். எதுக்கு மண்டையை உடைச்சுக்கிறீங்க?"

லிங்க்கும் அனுப்பினாள். முந்தின நாள் வாசகசாலையில் பார்த்த எழுத்துகள் நினைவில் இருந்தன; அவற்றைப் போட்டேன். கண் இமைப்பதற்குள் நீளமாக ஒரு பட்டியல் வந்து விழுந்தது. பாதி வார்த்தைகளை நான் கேள்விப்பட்டதே இல்லை. கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டு மொபைலைக் கவிழ்த்து வைத்தேன். மணி நாலுதான் ஆகியிருந்தது. படுக்கும்வரை செய்ய ஒன்றும் இல்லை.

போன மழைக்காலத்தில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் டீச்சரைப் பார்த்தேன். குடையைச் சுருக்கிக்கொண்டு நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்தேன்.

"இப்பல்லாம் ஒண்ணுமே எழுதறதில்லையே?" என்றார்.

"மனசுக்குள்ள போட்டுக்கிறேன் டீச்சர்."

"இன்னிக்குப் பெரிசு கிடைச்சுதா?"

"கிடைச்சது."

"சொல்லாதீங்கோ. காலம்பற மழையில வர முடியலை, நான் இன்னும் பார்க்கலை."

அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறினார். பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மழையோடு ஸ்ரீவராகத்துக்கு நடந்தேன். அறைக் கதவைத் திறக்கும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அலுவலக விஷயத்தைத் தவிர அந்த வாரம் முழுவதும் நான் வேறு யாரோடும் பேசியிருக்கவில்லை.