முடிச்சுக்குள் இருக்கும் இன்னொரு காசு

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, போன் திரையில் மைக்ரஸ்கோப் தேடியது.

டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அந்த லயத்து வீட்டில், சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு, இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை.

“ஆயிரத்தறுநூறு மடங்குன்னு போட்டிருக்கான் பாப்பா. இதயே வாங்கிருவோம்” என்றார் முத்துலிங்கம்.

“பொய்யிப்பா.” பிரேமினி அதை விரலால் தள்ளிவிட்டாள். “இந்த வெலைக்கு அம்புட்டு பெருசா காட்டாது. காட்டுனாலும் காசுல ஒரு புள்ளிதான் தெரியும். உங்களுக்குப் பத்து மடங்குல இருந்து அம்பது மடங்கு வரைக்கும் இருந்தா போதும்.”

“காசு முழுசா ஒரே படத்துல உழுகணும்.”

“அதுக்குத்தான் மெஷினத் தாங்குற தண்டு உயரமா இருக்கிறதா பாக்குறேன்.”

பிரேமினி ஹட்டனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க நுணுக்குக்காட்டியில் இரத்தம் பார்ப்பவள். ஆனால் இரத்தத்தின் ஊடாக வெளிச்சம் போகும். காசின் ஊடாகப் போகாது. மேலே இருந்து நேராக அடித்தாலும் பளபளப்பு கண்ணைக் கூசும், மேடு பள்ளம் தெரியாது. பக்கத்திலிருந்து சரிந்து விழ வேண்டும். ஆகவே வளைக்கக்கூடிய இரண்டு விளக்குகள் இருப்பதைத் தேடினாள். பிளாஸ்டிக் தண்டு உள்ளதை எல்லாம் கழித்தாள். மூச்சு பட்டாலே ஆடுகிற தண்டில் படம் எடுக்க முடியாது.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று மலிவு, ஆனால் கம்ப்யூட்டரில் செருகினால்தான் படம் தெரியும். மற்றது கொஞ்சம் கூட. அதற்குச் சொந்தத் திரையும் பற்றரியும் இருந்தன.

“மலிவானதே போதும்பா. என் லெப்டொப் இருக்குல்ல.”

“கோயில் வாசல்ல லெப்டொப்ப விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்தேன்னா, சாதகம் பாக்குறவன்னு சனம் வரிசையில வந்து நிக்கும்.”

அவள் சிரித்துவிட்டாள். பற்றரி உள்ளதையே ஓடர் செய்தார்கள்.

கோயில் வாசல் எதற்கு என்றால், அங்கேதான் இன்னொரு காசு வெளியே வரப் போகிறது.

முத்துலிங்கம் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஓடிய தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று மிதிபலகையில் நின்று கூவிக் கூவி, வீட்டில் சோறு கேட்பதும் அதே ராகத்தில்தான். வாங்கும் சில்லறையை அவர் பார்ப்பதில்லை. பெருவிரலால் ஒரு தடவு, அவ்வளவுதான். விரலில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் அந்தக் காசைத் தன் சட்டைப் பைக்கு மாற்றிவிட்டு, ஈடாகச் சொந்தக் காசை பஸ் வசூல் பையில் போடுவார். அப்படிச் சேர்ந்தவை ஒரு பால்மா டின்னில் இருந்தன.

அந்த டின் காசுகளுக்கு அவர் செய்த கொடுமையும் உண்டு. ஆயுத பூசைக்கு பஸ்ஸைக் கழுவிச் சந்தனம் வைக்கும்போது, தன் ஆயுதம் காசுதானே என்று, அத்தனையையும் புளியும் சாம்பலும் போட்டு விளக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்து வைப்பார். வருஷா வருஷம். ஓய்வு பெற்ற பிறகு காசு சேர்ப்பவர்களின் வட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தார். தேய்த்த காசுக்கு மதிப்பே கிடையாது என்று அங்கே சொன்னார்கள். “சாமிக்கு முன்னால அழுக்க வைக்க முடியுங்களா?” என்று குரல் பதிவு போட்டார்.

அவர் பெரிதாக நம்பியிருந்தது ஓர் ஐந்து ரூபாய்க் காசை. ஒருநாள் வங்கியிலிருந்து வந்த புதுச் சில்லறைப் பையில், ஒரே மாதிரி இரண்டு காசு விரலில் இடறின. ஐந்து என்ற இலக்கத்தின் ஓரத்தில் இன்னொரு கோடு. ஒன்றைத் தான் வைத்துக்கொண்டார். மற்றதை டிரைவர் கணேசமூர்த்தியிடம் கொடுத்தார்.

போனில் எடுத்த படத்தைக் குழுவில் போட்டபோது, புளி தின்ற கோடு என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் பொறுமையாக விளக்கினார்: அச்சிலேயே பிழை என்றால் அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அதே கோடு அதே இடத்தில் இருக்கும். தேய்க்காத ஜோடிக் காசு இருந்தால் இரண்டையும் தெளிவாகப் படமெடுத்துப் போடுங்கள்.

என்ன விலைக்குப் போகும் என்று முத்துலிங்கம் கேட்கவே இல்லை. தன் விரல் சரியாகச் சொன்னதா, இல்லை புளி செய்த வேலையைத்தான் இத்தனை நாள் தடவிக்கொண்டிருந்தாரா, அது தெரிய வேண்டும் அவருக்கு.

இறம்பொடையில் இருந்த கணேசமூர்த்திக்குப் போன் போட்டார். அவர் வீட்டில் வேறு கதை நடந்திருந்தது. மனைவி தெய்வானை தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டிருந்தார். கால் கூடினால் சொந்தக் காலில் நடந்து வந்து செலுத்துகிறேன் என்று அனுமார் கோயிலுக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தார். சாமித் தட்டில் கைக்கு அகப்பட்ட காசு. முத்துலிங்கம் கொடுத்திருந்த அந்தக் காசேதான்.

“வேற அஞ்சு ரூவா தாறேன் தங்கச்சி, மாத்தி முடிஞ்சுருங்க” என்று தெய்வானையிடம் கேட்டுப் பார்த்தார்.

“நேந்தத மாத்துனா என் காலு என்னாகும்ணே? உங்க காசுல ரெண்டாவது கோடு இருக்கான்னு பாக்கப்போயி எனக்கு ரெண்டாவது முறிவு வரவா?”

பல நாள் பேச்சுக்குப் பிறகு தெய்வானை ஒரு வழிக்கு வந்தார். செலுத்தும் நாளில், கோயில் வாசலில் முடிச்சை அவிழ்ப்பார். உண்டியலில் போடுவதற்கு முன் அண்ணன் பார்த்துக்கொள்ளலாம். தொடக் கூடாது. உண்டியலில் விழுந்துவிட்டால் அத்தோடு சரி, ஆயிரம் காசோடு ஒரு காசு.

பார்சல் வருவதற்கு முன்னால் முத்துலிங்கம் போய்விட்டார். காலையில் முகம் கழுவக் குழாயடிக்குப் போனவர், கொஞ்சம் உட்கார வேண்டும் என்றார். உட்கார்ந்தார். பிரேமினி நாடி பிடித்துப் பார்த்தாள். பிறகு நெஞ்சை அழுத்தினாள், பாடத்தில் படித்த மாதிரியே. ஆஸ்பத்திரி வண்டி ஏறி வரும்வரை அழுத்தினாள்.

கருமாதி முடிந்த மறுநாள் அவருடைய போன் அடித்தது. முத்துலிங்கம் மஹத்தயாவா என்று பார்சல்காரர் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றாள் பிரேமினி. ரோட்டுக்கு இறங்கிப் போய் வாங்கி வந்தாள்.

தண்டு இரும்புதான். ஆடவில்லை. அப்பாவின் காசை வைத்து, ஒரு விளக்கை அணைத்து, மற்றதை நன்றாகச் சரித்தாள். திரையில் முதலில் தெரிந்தது புளியும் சாம்பலும் போட்ட கீறல்கள், சீப்பால் வாரியதுபோல. ஐந்தின் வளைவுக்குள் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது. அதை அவள் சுரண்டவில்லை. இலக்கத்தின் ஓரத்தில் கோடு இருந்தது. படிக்கட்டின் ஒரு படிபோல. அச்சுப் பிழையாக இருக்கலாம். அடிக்கும்போது அச்சு நழுவியதாகவும் இருக்கலாம். தேய்ந்ததாகவும் இருக்கலாம். விளக்கை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைக்கு எழுத ஆசையாக இருந்தது.

சாயந்திரம் கணேசமூர்த்தி பேசினார்.

“பாப்பா, அத்த நடக்குறா. கம்பு இல்லாம. வர்ற சனிக்கெழம செலுத்தணும்னு நிக்குறா. அண்ணன் இல்லாம எப்புடின்னுதான்…”

“மெஷின் வந்திருச்சு மாமா. நான் கொண்டாறேன்.”

பின்னாலிருந்து அம்மா சத்தமாகச் சொன்னார்: “சாவு வீட்டுக்காரி ஒரு வருசத்துக்குக் கோயில் படி மிதிக்கக் கூடாது. தெய்வானைக்குச் சொல்லு.”

அந்தப் பக்கம் போன் கை மாறியது. தெய்வானை.

“அம்மா சொல்றது சரிதான் புள்ள. நீ படி ஏற வேணாம். கீழ ரோட்டுலயே நில்லு. நான் அங்கயே அவுக்குறேன், நீ பாத்துட்டு குடு. பெறகு நான் ஏறிக்கிறேன்.”

“தொடக் கூடாதுன்னீங்களாம் அத்த.”

“அது உங்கப்பாவுக்குச் சொன்னது. தொட்டா திருப்பித் தர மாட்டாரு.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “நான் வந்து சேருற வரைக்கும் நீங்க ஏறிறாதீங்க தங்கச்சின்னு சத்தியம் வாங்குனாரு. மொத பஸ்ஸுலயே வந்துருவேன்னாரு.”

பிரேமினி பற்றரியைச் சார்ஜில் போட்டாள். இறம்பொடைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை எல்லாம் அப்பாதான் சொல்வார். கீழ்க் கடையில் விசாரிக்கலாம் என்று குடையை எடுத்தாள்.