பனங்கட்டிக் கடைக்குத் தென்னை மரம்

படகுத்துறையில் பனங்கட்டிக் கடை வைத்திருக்கும் அண்ணை இன்று காலை பலகையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

போன மாதம் அவரது கடைப் பலகைக்குப் படம் கீறித் தரட்டுமா என்று கேட்டேன். "படத்தை ஆர் பாக்கப்போகினம்? என்ர மருமகன் கலண்டரைப் பாத்துக் கீறுவான்" என்றார்.

மருமகன் கீறினார். கலண்டரில் இருந்தது தென்னை.

"நயினாதீவுக்குப் போறவை எல்லாரும் சிரிக்கினம். அதைப் பனையாக்கித் தாரும்."

"ஏலாது அண்ணை. புதுசாக் கீறித் தாறன். பழைய பலகையை எனக்குத் தாங்கோ."

சந்தோஷமாகத் தந்துவிட்டுப் போனார்.

அதை அவர் கடைப் பெயரோடு என் வீட்டு வாசல் படலையில் மாட்டிவிட்டேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "இது நான் கீறியதல்ல."

புதியதற்கு அவசரமில்லை. பனை மெல்லத்தான் வளரும்.

கரம்பொன் பக்கம் வருகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள், அந்த வரி தெருவிலிருந்து தெரிகிறதா?