மகளின் கையில் கட்டிய கயிறு

மலேசியாவின் சுங்கை வே பகுதியில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து அந்தப் பழைய டிரில் இயந்திரத்தை நானும் என் மகளும் வாங்கி வந்தோம். கிள்ளானில் எங்கள் வீட்டு கார் நிறுத்துமிடத்தில் வைத்து மூன்று மாதம் துருவைச் சுரண்டினோம். பேரிங்கும் பெல்ட்டும் மாற்றினோம். முதல் துளையை நீயே போடு என்று அவளிடம் சொன்னது நான்தான்.

அவள் தினமும் மோட்டார்சைக்கிளில் சுபாங் ஜெயாவுக்கு வேலைக்குப் போகிறவள். அந்தப் பயத்தில் கோயிலில் வாங்கிய சிவப்புக் கயிற்றை அவள் வலது மணிக்கட்டில் கட்டியிருந்தேன். அவிழக் கூடாதென்று மூன்று முடிச்சு போட்டேன். நீண்டு தொங்கிய நுனியை நறுக்க மனம் வரவில்லை.

முதல் துளை போட்ட அன்று, இரும்புத் தகட்டின் மேல் சேர்ந்த சுருளைத் தள்ள அவள் கையை நீட்டினாள். சுழன்றுகொண்டிருந்த தண்டு கயிற்று நுனியைப் பிடித்துச் சுற்றியது. கை உள்ளே இழுபட்டது. நான் சுவிட்சை எட்டுவதற்குள் கயிறு அறுந்துவிட்டது. மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவந்த கோடு மட்டும் இருந்தது.

"சாமி காப்பாத்திருச்சு லா மா," என்று சிரித்தாள்.

கயிறு பழசாகி இற்றுப்போயிருந்ததால்தான் அறுந்தது. அந்த வெள்ளிக்கிழமை புதிது கட்டுவதாக இருந்தேன். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இயந்திரம் இப்போது நன்றாக ஓடுகிறது. அவள் வேலை செய்யும்போது நான் சமையலறையில் நிற்பேன். சத்தம் நின்றதும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடுவேன். அதற்குள் அவள் குரல் வந்துவிடும்.

"பத்து விரலும் இருக்கு மா. எண்ணிப் பாக்க வராதீங்க."

போய் எண்ணிவிட்டுத்தான் திரும்புகிறேன்.