நான்காம் பக்கத்தையும் படிக்கிறவர்

மேசைமேல் அடுக்கியிருந்த நோட்டுக் கட்டுகளை அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பிளாஸ்டிக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்து தங்க நிறப் பேனா போனது. அடுத்து கண்ணாடியில் செய்த காளை பொம்மை. அதற்கடுத்து, கலை இயக்குநர் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிவந்த சுருட்டுப் பெட்டி. மேசை வெறிச்சோடியதும் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பெரிய ஆளு மேசைல பணமே இருக்காதுங்க. பணம் கையில படற வேலையெல்லாம் கீழ்மாடியோட சரி. இங்க ஒரு தண்ணி கிளாஸ், ஒரு குடும்ப போட்டோ. போட்டோ மட்டும் வர்றவங்களப் பாத்துத் திரும்பி இருக்கணும்."

"அது ஏங்க அவங்களப் பாத்து?" என்றார் கலை இயக்குநர், கூடையைப் பரிதாபமாகப் பார்த்தபடி.

"அவருக்குத்தான் அவர் பொண்டாட்டி முகம் தெரியுமே."

முகத்தில் மாவு பூசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்த வில்லன் நடிகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேக்கப் போடுகிற அக்கா, "அசையாதீங்கண்ணே" என்று தாடையைப் பிடித்து நிறுத்தினாள். முப்பது வருடமாக அவர் வில்லன். கத்தியால் குத்தியிருக்கிறார், காரை ஏற்றியிருக்கிறார், குழந்தையைக் கடத்தியிருக்கிறார். இந்தப் படத்தில்தான் முதன்முதலாகக் கோட்டு மாட்டிக்கொண்டு, எளிய மனிதர்களின் சேமிப்பை விழுங்கும் நிதி நிறுவனத் தலைவராக வருகிறார். காட்சிகள் நிஜம்போல் இருக்க வேண்டும் என்று இயக்குநர் கூட்டிவந்த ஆலோசகர்தான் இந்த அம்மாள். ஐம்பத்தாறு வயது. நிதி நிறுவனம் ஒன்றில், விற்கப்போகும் ஒவ்வொரு திட்டமும் விதிப்படி சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலையில் பத்தொன்பது வருடம் இருந்தவர். படப்பிடிப்பில் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் சட்டாம்பிள்ளை.

பெயர் சும்மா வரவில்லை. சட்டாம்பிள்ளை எதையும் முழுதாகப் படிப்பார். மின்தூக்கியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, இருமல் மருந்தோடு மடித்து வரும் காகிதம், வாகனம் நிறுத்தும் சீட்டின் பின்பக்கம் எதையும் விடமாட்டார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். சம்பள ஒப்பந்தத்தைக் கொடுத்தபோது, பின்னால் நான்கு பேர் வரிசையில் காத்திருக்க, முக்கால் மணி நேரம் படித்துவிட்டு, "பதினோராவது வரில 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று திருத்திக் கொடுத்தார். மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு நிச்சயம் வந்துவிடும் என்று தயாரிப்பு நிர்வாகி வாய் தவறிச் சொன்னால் போதும்.

"எழுதித் தருவீங்களா?"

முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இருக்காது. நிர்வாகி பாவம், மூன்றாம் நாளிலிருந்து "வரலாம்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

பண உலகத்தைப் பற்றி வந்த படங்களையெல்லாம் சட்டாம்பிள்ளை ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறார். ஒரு குறையும் உண்டு அவருக்கு. "எல்லாத்துலயும் திருடனுக்குத்தான் நல்ல கோட்டு, நல்ல வசனம். நியாயம் பேசறவருக்குக் கசங்கின சட்டையும் இருமலும். எங்க ஆபீசுல புதுசா சேர்ற பசங்க அந்தத் திருடனோட வசனத்த போன்ல ரிங்டோனா வச்சிருப்பாங்க. கடைசி ரீல்ல அவன் ஜெயிலுக்குப் போனது ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது."

நடிகர் இதைக் கேட்டுத் தோளைக் குலுக்கினார். வசனம் நன்றாக இருந்தால் கைதட்டல் வரும். கைதட்டல் வந்தால் அடுத்த படம் வரும். அவர் அறிந்த பொருளாதாரம் அவ்வளவுதான்.

நான்காம் நாள், படத்தின் முக்கியக் காட்சிக்கு ஒத்திகை. ஓய்வுபெற்ற பெண் ஒருத்தியை அந்தத் தலைவர் தன் திட்டத்தில் பணம் போட வைக்கிறார். நடிகர் எழுந்து, மேசையில் ஓங்கி அறைந்து, ஆசைதான் உலகத்தைச் சுழற்றுகிறது என்று ஒன்றரைப் பக்க வசனத்தை மூச்சுவிடாமல் பேசினார். கடைசிச் சொல் கூரையில் மோதித் திரும்பியது. விளக்கு பிடிக்கிறவர்கள் விசில் அடித்தார்கள். சட்டாம்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"என்னம்மா, நல்லால்லையா?" என்றார் இயக்குநர்.

"ரொம்ப நல்லாருக்கு. ஆனா இவர நம்பி ஒரு பைசா தரமாட்டாங்க."

முப்பது வருட நடிகருக்குச் சுருக்கென்றது. "அப்ப நீங்களே பண்ணிக் காட்டுங்களேன்" என்றார், கேலி பாதி, கோபம் பாதி.

அந்த அம்மாள் மறுக்கவில்லை. போய்த் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் மேக்கப் அக்காவை உட்காரச் சொன்னார். உடனே ஏதோ மாறியது. குரல் பாதியாக இறங்கியது. முகத்தில் ஒரு கவலை வந்து அமர்ந்தது.

"மாடி ஏறியா வந்தீங்க? கால் வேற வீங்கியிருக்கு. நான் கீழ வந்து பாத்திருப்பேனே... தண்ணி குடிங்க மொதல்ல. அவசரம் இல்ல." சற்றுப் பொறுத்து, "நேத்து நீங்க கேட்ட திட்டம் இருக்கு பாருங்க, அது உங்களுக்கு வேண்டாம். உண்மையச் சொல்றேன். வேற யாராச்சும்னா வித்துட்டுப் போயிருப்பேன். எங்கம்மா வயசு உங்களுக்கு, மனசு வரல."

மேக்கப் அக்கா கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்தைந்துதான், அம்மா வயது என்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"எங்கம்மா அதுல போட்டிருக்காங்க, அது வேற விஷயம். அவங்களுக்கு நான் இருக்கேன். உங்களுக்கு யாரு இருக்கா, சொல்லுங்க? கம்முனு பேங்க்லயே வச்சிருங்க. வட்டி கொறச்சல்தான். என்ன செய்றது."

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் அக்கா. சொல்லிக் கொடுக்காமலே சொன்னாள். "எனக்கும் ஒரு எடம் பாத்துக் குடுங்களேன்."

அந்த அம்மாள் தயங்கினார். பெருமூச்சு விட்டார். இழுப்பறையைத் திறந்து, கொடுக்க மனமில்லாதவர்போல் ஒரு காகிதத்தை மெல்ல நகர்த்தினார். அக்கா பேனாவைத் தானாகவே எடுத்துவிட்டாள்.

குத்தாமல் வெட்டாமல் ஒரு கொலையைக் கண்ணெதிரே பார்த்ததுபோல் இருந்தது நடிகருக்கு.

"இத எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"பக்கத்து ரூம். செவுரு மெல்லிசு," என்று எழுந்து, புடவையை நீவிவிட்டுக்கொண்டு போனார் சட்டாம்பிள்ளை.

அன்றிலிருந்து நடிகர் அவர் பின்னாலேயே அலைந்தார். டீ இடைவேளையில் பக்கத்தில் போய் உட்காருவார். கதை துண்டு துண்டாக வந்தது. ஓய்வுபெற்றவர்களுக்கென்று நிறுவனம் ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. பணம் எங்கே போகிறது என்று நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, அந்த அம்மாள் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார். திட்டவில்லை, வேலையை விட்டும் தூக்கவில்லை. ஒரு தனி அறை கொடுத்தார்கள். மேசை, நாற்காலி உண்டு. வேலை இல்லை, தொலைபேசி இல்லை. பதினோரு மாதம். தினமும் ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்பியிருக்கிறார்.

"பதினோரு மாசம் சும்மாவா உக்காந்திருந்தீங்க?"

"சும்மா எங்க? பழைய திட்டமெல்லாம் எடுத்துப் படிச்சேன். அதுலயும் ரெண்டு தப்பு கெடச்சுது."

"அப்புறம்? கம்பெனி மாட்டிக்கிச்சா?"

"இல்ல. எனக்கு பதிலா வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டாரு. திட்டம் வித்துச்சு. பக்கத்து ரூம் பெரியவருக்குப் பதவி உயர்வு. நான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

நடிகர் காத்திருந்தார். ஒரு நீதிமன்றம், ஒரு பத்திரிகைத் தலைப்பு, ஒரு கைவிலங்காவது வரும் என்று. "கிளைமாக்ஸே இல்லையேம்மா."

"வாழ்க்கைல யாரு சார் கிளைமாக்ஸ் எழுதறா," என்று கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

ஐந்தாம் வாரம் தயாரிப்பாளர் தளத்துக்கு வந்தார். எல்லோரும் முதலாளி என்றே கூப்பிடுவார்கள். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. படம் பாதியில் நிற்கிறது, பணம் போதவில்லை. வெளியாள் எவனோ லாபம் சம்பாதிப்பதைவிட நம் ஆட்களே பங்கு போடலாமே என்பது அவர் யோசனை. விளக்குக்காரர்கள், தையல்காரர், வண்டி ஓட்டுகிறவர்கள், மேக்கப் அக்கா எல்லோரையும் கூடச் சொல்லி, நடிகரைத் தனியே அழைத்தார்.

"நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க. உங்க மேல அவங்களுக்கு உசிரு. அடுத்த படத்துலயும் நீங்கதான், மனசுல வச்சிக்கங்க."

நடிகர் பேசினார். முதல் வரியிலிருந்தே நன்றாக வந்தது. கத்தவில்லை. விளக்குக்காரரின் முதுகுவலியை விசாரித்தார். "யாரையும் போடுங்கன்னு சொல்லமாட்டேன். முடியாதவங்க போடவே வேண்டாம். நான் போடறேன், அது என் விருப்பம்" என்றார். தலைகள் அசைந்தன. எட்டு வருடமாகச் சேர்த்து வைத்ததைப் போடுகிறேன் என்று மேக்கப் அக்கா பையைத் திறந்தாள். அவள் பேனாவை எடுத்த வேகத்தைப் பார்த்தபோதுதான், தன் தொண்டையிலிருந்து வருவது யாருடைய குரல் என்று நடிகருக்கு உறைத்தது. பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

கூட்டத்தின் பின்னால், நாற்காலிகூட இல்லாமல் நின்றபடி, சட்டாம்பிள்ளை, பங்கு போடுகிறவர்களுக்கென்று முதலாளி அச்சடித்துவந்த விண்ணப்பத்தைப் பூதக்கண்ணாடியில் படித்துக்கொண்டிருந்தார். நான்காம் பக்கம் முடிந்ததும் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

"ஒரு சின்ன விஷயம். நாலாம் பக்கத்த சத்தமாப் படிச்சிட்டுக் கையெழுத்து வாங்கினா நல்லாருக்கும்."

"அதெல்லாம் வழக்கமான சட்ட வாசகம்மா," என்றார் முதலாளி, சிரிப்பு குறையாமல்.

"சரிங்க. வழக்கமானதுதானே, படிக்கலாமே." பிறகு நடிகரிடம் தாளை நீட்டினார். "உங்க குரல்ல படிங்க சார். கடைசி வரிசைக்கும் கேக்கும்."

கண்டிப்பு இல்லை அந்தப் பார்வையில், கெஞ்சலும் இல்லை. ஒரு வேலையை அதற்கு உரியவரிடம் ஒப்படைக்கிற பார்வை. தோற்ற இடத்திலிருந்து வந்தவர், மறுபடியும் தோற்கக்கூடிய இடத்தில் அதே போன்ற காகிதத்தைத்தான் நீட்டுகிறார். நடிகர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மெதுவாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. அடுத்த படம் அந்தத் தலையசைப்பில் இருந்தது.

நடிகர் தாளை வாங்கிக்கொண்டார்.

"படம் வெளிவந்து கிடைக்கும் வருவாய், முதலாவதாகத் தயாரிப்பாளரின் பழைய கடன்களுக்கும்..." சொல் சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். "...அவற்றின் வட்டிக்கும், அவருடைய ஊதியத்துக்கும் போக, மிச்சம் இருப்பின், பங்குதாரர்களுக்குப் பகிரப்படும். படம் வெளிவராத நிலையில், போட்ட தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமை பங்குதாரர்களுக்கு இல்லை."

யாரும் விசில் அடிக்கவில்லை. விளக்குக்காரர், "மிச்சம் இருப்பின்னா?" என்று கேட்டார். மேக்கப் அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள்.

"நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா," என்றார் முதலாளி. இப்போதும் சிரித்தபடிதான்.

"சரிங்க," என்றார் சட்டாம்பிள்ளை. "இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் சம்பளம் வாங்கியிருக்கேன். அந்த ஆபீஸ் காட்சி பாக்கி இருக்கு, முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்." சொன்னபடி ஆறு மணிவரை இருந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளி எங்கேயோ பெரிய பங்குதாரர் ஒருவரைப் பிடித்தார். படம் முடிந்தது. நடிகருக்கு அவர் வாக்களித்த அடுத்த படம் வரவேயில்லை.

ஆனால் இந்தப் படம் ஓடியது. சாதாரண ஓட்டமில்லை, பழைய கடன், வட்டி எல்லாம் தீர்ந்த பிறகும் பணம் கொட்டுகிற அளவுக்கு ஓடியது. இரண்டாம் வாரம் நடிகர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு திரையரங்கில் போய் உட்கார்ந்தார். அந்தக் காட்சி வந்தது. தண்ணி கிளாஸ், போட்டோ, பாதிக் குரல். எங்கும் கைதட்டல் இல்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் தன்னை அறியாமல் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். இந்த ஒரு கைக்கு ஈடாகத் தன் முப்பது வருடக் கைதட்டலையும் கொடுத்துவிடலாம் என்று நடிகருக்குத் தோன்றியது.

வெளியே வந்தால், கூடத்து ஓரத்துப் பலகையில் சட்டாம்பிள்ளை உட்கார்ந்திருந்தார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறார். எதிரே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேக்கப் அக்கா.

"எட்டு வருஷக் காசு! அன்னிக்கிப் போட்டிருந்தா இன்னிக்கி மூணு மடங்கு. உங்களால போச்சு. பெருசா படிக்க வச்சீங்களே, நாலாம் பக்கம்! இப்பப் பாருங்க, எவனோ ஒரு பணக்காரன் அள்ளிட்டுப் போறான். என் தலையில மண்ணப் போட்டீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க?"

போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடிகர் பதறிப்போய், குறுக்கே புகுந்து நியாயம் பேச வாயைத் திறந்தார். சட்டாம்பிள்ளை அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அக்காவின் ஒரு சொல்லையும் தடுக்கவில்லை. படம் ஓடாமல் போயிருந்தால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எதையும் முழுதாகப் படிக்கிறவர், இதையும் முழுதாகக் கேட்டார்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கால்கள். உடம்பு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறியது.

அந்த அம்மாள் பக்கத்திலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து இடம்விட்டார்.