மந்திரி என்றால் எந்தக் காய்

என் மகள் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் தேறாதபோது நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதப்போவதில்லை. மறுநாள் காலை அவள் தன் அம்மாவிடம் "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. பெரம்பலூரில் பஸ் ஏறி, ரஞ்சன்குடிக் கோட்டை உச்சியில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் எங்கள் தெருக்காரர் என்பதால் பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்தோம். மதிலின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த அவள் கால்கள் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அரியலூர் ஆபீஸில் யாராவது வேகமாக என் மேஜையை நோக்கி நடந்து வந்தாலே, வீட்டிலிருந்து ஏதும் சேதியோ என்று எழுந்து நின்றுவிடுவேன்.

பக்கத்து மேஜைக்காரருக்கு ஊர் லப்பைக்குடிக்காடு, எங்கள் வீட்டு விஷயம் தெரிந்தவர். அவருடைய தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்த செஸ் பலகையை ஒருநாள் என்னிடம் நீட்டினார்.

"வூட்ல சும்மா கெடக்குது சார். புள்ளையோட ஆடுங்க. வாயத் தெறக்காம ஆடுற ஆட்டம், ஒங்க ரெண்டு பேருக்கும் பொருந்தும்."

எனக்கு அந்த ஆட்டம் என்றாலே பயம். திருச்சியில் படித்தபோது விடுதியில் ஒரே ஒருமுறை ஆடியிருக்கிறேன். சிறுவயதில் நான் ஆடக் கற்ற எங்கள் ஊரில் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய காய்க்கு மந்திரி என்று பெயர். விடுதியில் அது ராணி. அங்கே தலையில் வெட்டு விழுந்த காய்தான் மந்திரி. எதிரில் இருந்தவன் நல்லெண்ணத்தில், "மந்திரியப் பாத்துக்க" என்றான். நான் பெரிய காயைப் பத்திரமாக நகர்த்திவிட்டு மற்றதைப் பறிகொடுத்தேன். அறையே சிரித்தது. அன்றோடு விட்டவன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பலகையை விரித்துவைத்து உட்கார்ந்தேன். அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆடிப் பழகியிருக்கிறாள். ஒரு கட்டத்தில் அவளுடைய பெரிய காய் என் குதிரையிடம் மாட்டிக்கொண்டது. தோற்றால் எழுந்து போய்விடுவாளோ என்ற பயத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

"பாப்பா, மந்திரியப் பாத்துக்க."

அவள் யோசித்து, தலையில் வெட்டு விழுந்த காயை நகர்த்தினாள். பெரிய காய் மாட்டிய இடத்திலேயே நின்றது. குதிரையை விட்டுவிட்டு ஒரு சிப்பாயைத் தள்ளினேன்.

"ஏன்ப்பா வெட்டல?"

பதினாறு நாளைக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். எங்க ஊர்ல இதான் மந்திரி."

"இதா? ராணிப்பா இது. கிரீடம் வச்சிருக்கே, தெரியல?" உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "இதுல நீங்க பெயிலு."

கோட்டையிலிருந்து அவளைக் கூட்டிவந்த பிறகு அந்த வார்த்தையை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஆமா, பெயிலுதான்" என்றேன்.

"சிப்பாயத் திருப்பி வைங்க. ராணிய வெட்டுங்க. பாவம் பாத்தா நான் ஆட மாட்டேன்."

வெட்டினேன். அவள் எழுந்து போகவில்லை. கன்னத்தில் கைவைத்து அடுத்த காயை யோசித்தாள்.

பால் வாங்க அவள் அம்மா கூப்பிட்டபோதும் ஆட்டம் முடியவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள்.

"போயிட்டு வரேன். காயத் தொட்டுடாதீங்க."

தொடவில்லை. அவள் வரும்வரை பலகையையும் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.