சாம்பல் கலந்த சாமை

இரண்டாம் உலக யுத்தம் இன்னும் முடியாத காலம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனங்கள் வரிசையில் நின்ற நாட்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாலுகா ஆபீஸில் தானியக் கொள்முதல் குமாஸ்தாவாகத் தற்காலிக வேலை; வீடுகளில் மிச்சமிருக்கிற தானியத்தைச் சர்க்கார் விலைக்கு எடுத்து வர வேண்டும். ஒரு மாசி மாதம், இரண்டு டவாலிச் சேவகர்களோடு காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நடந்தே கொல்லிமலை ஏறினேன். இன்று சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பலாச்சுளை தின்கிறவர்களுக்கு அந்த ஏற்றம் எப்படியிருந்தது என்று சொன்னால் புரியாது. பாதி நாள் ஆனது. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் ஒரே நினைப்பு.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் போனால் நான் செய்த காரியம் விளங்காது. அடிவாரத்து ஊரில் இரண்டு கிணறு, நாலு ஜோடி மாடு உள்ள வீடு. எந்த அதிகாரி வந்தாலும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சின்ன வயதிலிருந்து நான் அறிந்த சர்க்கார் என்பது, எங்கள் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்து, கோழிக்குழம்பைப் பாராட்டி, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகும் ஒரு பெரிய மனுஷர். அவரிடம் யார் எதற்காகப் பயப்பட வேண்டும்? என்னோடு படித்த ஒருவன் கதர் கட்டிக்கொண்டு கோஷம் போட்டு ஜெயிலுக்குப் போனான். அவனுக்குப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் வரி கட்ட முடியாமல் அவன் அப்பாவின் மானாவாரிக் காடு ஏலத்துக்குப் போயிருந்தது. அந்தக் காட்டு வரப்பில் நின்று தண்டோரா கேட்ட பையன் அவன். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு வரவில்லை.

மலையில் நாங்கள் போய்ச் சேர்ந்த ஊரில் இருபது வீடு இருக்கும். வீடு வீடாகப் பார்த்ததில் ராகியும் சாமையுமாக அரை மூட்டைகூடத் தேறவில்லை. எனக்கு மேலே உள்ளவர் ஆறு மூட்டையாவது இறங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எரிச்சலோடு திரும்பியபோதுதான் ஊருக்குப் பின்னால் அந்தத் தொம்பையைப் பார்த்தேன். கல்லுக் கால்களின் மேல், மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணியும் பூசி, புல் வேய்ந்த பெரிய குதிர். வாயை மண் வைத்து மூடி மெழுகியிருந்தார்கள்.

இது என்ன என்று கேட்டேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"சாமியோடதுங்க சாமி. ஆனி மாசம் பூசை வெச்சுத்தான் தொறப்போமுங்க. அதுவரைக்கும் நாங்களே தொடமாட்டோமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொல்லவே இன்றுவரை கூசுகிறது.

அதற்கு முந்தின வருஷம் கொள்முதல் அதிகாரி எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தார். பின்கட்டு அறையில் நெல் மூட்டைகள் உத்தரம் வரை கிடந்தன. அவர் வருகிறார் என்று தெரிந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, மஞ்சளைக் கரைச்சு மூட்டைக்கெல்லாம் பொட்டு வெய்யி" என்றார். வைத்தேன். குங்குமமும் வைத்துச் சூடம் கொளுத்தினோம். அதிகாரி எட்டிப் பார்த்தபோது அப்பா கை கட்டிக்கொண்டு, "மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்ட நெல்லுங்க, ஊட்டுல யாரும் தொடறதில்லீங்க" என்றார். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். பிறகு சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்று மாலை வீடே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு இந்த வேலை கிடைத்ததும் அந்த அதிகாரியின் சிபாரிசில்தான்.

ஆக, 'சாமியோடது' என்று ஒரு பெண் சொன்னதும் என் காதில் விழுந்தது என் அப்பாவின் குரல். எங்ககிட்டயேவா என்று நினைத்துக்கொண்டேன். டவாலியிடம் கடப்பாரையைக் கொடுத்து உடைக்கச் சொன்னேன்.

முதல் இடி விழுந்ததும் அங்கே நின்ற அத்தனை பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். குழந்தைகளின் முகத்தையும் பிடித்துத் திருப்பினார்கள். குட்டு உடைந்ததும் முகம் கொடுக்க முடியவில்லை பார் என்று டவாலியிடம் நான் கேலி பேசினேன். பூசை நாள் வருவதற்கு முன்னால் தொம்பைக்குள் இருப்பதைக் கண்ணால் பார்ப்பது அவர்களுக்கு ஆகாத காரியம் என்பதைப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே சாமை இருந்தது. கையை விட்டு அள்ளினேன். விரல் முழுக்கச் சாம்பல். நடுநடுவே காய்ந்த நொச்சி இலை. விவசாயி வீட்டில் பிறந்த எவனுக்கும் அந்த நிமிஷமே தெரிந்துபோகும். சோற்றுக்கு வைக்கிற தானியத்தில் யாரும் சாம்பல் கலக்க மாட்டார்கள். எங்கள் அம்மா பூச்சி அண்டாமலிருக்க விதைக் கம்புக்கும் விதை அவரைக்கும் அப்படித்தான் செய்வாள். எனக்கும் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இத்தனை வருஷம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்த மறுகணமே, அசுத்தம் என்று நாங்கள் ஒதுக்கிவிடட்டும் என்றுதான் சாம்பலைக் கலந்திருக்கிறார்கள் என்று மனது ஒரு காரணம் கண்டுபிடித்தது. பொழுது வேறு சாய்ந்துகொண்டிருந்தது. மூட்டை கட்டச் சொன்னேன்.

ஐந்து மூட்டை. மலையில் வண்டி ஏது? அந்த ஊர் ஆண்கள் தலையிலேயே ஏற்றி இறக்கினோம். அந்தப் பெண்ணின் புருஷன் தன் தலைத்துணியை அவிழ்த்து மூட்டையின் மேல் போர்த்திவிட்டுத் தூக்கினார். எதற்கு இந்த மரியாதை என்று கேட்டேன். அவர் முன்னால் நடந்தார். வெறுந்தலையில் மூன்று நாலு மணி நேரம் சுமந்து, அடிவாரத்துக் கிடங்கில் இறக்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காமல் திரும்பிப் போனார்.

மேலிடத்தில் என்னைப் பாராட்டினார்கள். வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னபோது, "மலைக்காரனுக்கும் நம்ம வித்தை தெரிஞ்சுபோச்சா!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சாம்பல் சமாச்சாரத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

ஆவணி மாதம் ஒரு லீவு நாளில் எங்கள் கடலைக் காட்டுக்குப் போனேன். களைவெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆட்களில் பாதிப் பேர் புதுமுகம். மலையிலிருந்து சனம் இறங்கியிருக்கிறது, சொன்ன கூலிக்கு வருகிறார்கள் என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். வரப்பில் நடந்தபோது ஒரு பெண் களைக்கொத்தோடு நிமிர்ந்தாள். அவள்தான். இளைத்துப்போய் கன்னத்து எலும்பு தெரிந்தது. இரண்டு வரிசை தள்ளி அவள் புருஷன் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இத்தனை காலம் இது என் நெஞ்சில் தங்கியிருக்காது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மெதுவான குரலில் கேட்டாள்:

"ஏனுங்க சாமி, அந்தச் சாமையில எங்கயாச்சும் மிச்சம் கெடக்குதுங்களா? ஒரு பிடி போதுமுங்க. ரெண்டு மூணு வருசத்துல நாங்க பெருக்கிக்குவோம்."

ஆனியில் மழை நன்றாகப் பெய்ததாம். போட விதை இல்லை. நாங்கள் கொடுத்த விலைக்குக் கீழ்நாட்டு விதை வாங்கிப் போட்டார்களாம். மலை மண்ணில் அது நிற்கவில்லை. கிழங்கு தோண்டித் தின்று பார்த்துவிட்டு, எட்டு வீட்டுச் சனம் ஊரைவிட்டு இறங்கிவிட்டது. இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்கக் கேட்கச் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் கிடங்குக்கு ஓடினேன். மூலை முடுக்கெல்லாம் தேடினேன். சாக்கை உதறிக்கூடப் பார்த்தேன். அந்தச் சாமை பங்குனியிலேயே வேறு தானியத்தோடு சேர்ந்து கடைகளுக்குப் போய்விட்டது, சாம்பல் நாற்றம் என்று வாங்கினவர்கள் ஏசினார்கள் என்று காவலாளி சொன்னார். திரும்பி வந்து அவளிடம் இல்லை என்று சொன்னேன். "சரிங்க சாமி" என்றாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். எங்கள் அப்பா வரப்பில் நின்று, சீக்கிரம் ஆகட்டும் என்று சத்தம் போட்டார். பின்கட்டில் அந்த வருஷமும் நெல் உத்தரம் வரை இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவர்கள் வேறெங்கோ வேலை தேடிப் போய்விட்டார்கள்.

வேலையை விட்டேன். அப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. கதர் கட்டிய அந்தப் பழைய நண்பன் ஜெயிலிலிருந்து வந்தபோது போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக்காரன் போகட்டும், எல்லாம் நேராகிவிடும் என்று என் தோளைத் தட்டினான். அவன் வளர்ந்த வீட்டுக்கு அதுதான் நியாயமான பதில். எனக்கு அது போதவில்லை. அன்று அந்த மலையில் ஒரு வெள்ளைக்காரனும் இல்லை. நான்தான் இருந்தேன். பத்து மைலுக்குள் பிறந்து, அவள் பேசிய அதே பேச்சைப் பேசுகிறவன்.

பிறகு எத்தனையோ கொடிகளைப் பார்த்துவிட்டேன், எத்தனையோ மேடைப் பேச்சுகளைக் கேட்டுவிட்டேன். யார் எந்தக் கட்சிக்காக எவ்வளவு ஆவேசமாகப் பேசினாலும், இவர் எந்த வீட்டில் வளர்ந்தார், அதனால் எந்த வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னால் இவரால் நம்பவே முடியாது என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது. அந்தக் கேள்வியை என்னிடமே நான் கேட்டுக்கொள்ளாமல் போன ஒரு நாளில், ஒரு ஊரின் விதை அழிந்தது.